ரெண்டு கூட

ஐம்பதுக்குத்தான் காசு கட்டினேன்.
பெட்டியைத் திறந்து எண்ணினால் ஐம்பத்திரண்டு.
"பிழையாப் போட்டிட்டியள் தம்பி."
மாங்குளத்திலிருந்து லொறியில் வந்த பொடியன்
ரசீதை விட்டுத் தலை நிமிர்த்தவில்லை.
"அது சாகிறதுக்கு, அக்கா.
ஐம்பதுக்கு ரெண்டு கூடத் தாறது வழக்கம்."

எந்த ரெண்டு என்று நான் கேட்கவில்லை.
எல்லாம் ஒரே மஞ்சள்.
எல்லாம் ஒரே கத்தல்.

மார்கழி பிறந்து பத்து நாள்.
முத்தையன்கட்டுக் குளம் வான் பாய்கிற இரைச்சல்
இரவில் முற்றம் வரைக்கும் வருகிறது.
பின்னாலேயே வாடை.
முகாமில் தந்த தறப்பாளின் மிச்சம் ஒன்று கிடந்தது,
அதை வடக்குப் பக்கம் கட்டினேன்.
பிரிட்ஜ் வந்த மட்டையை வளைத்து வட்டம் போட்டேன்.
மூலை இருந்தால் மூலைக்குள் நெரிபட்டுச் சாகும்.
உமி நான்கு விரல். மேலே பழைய பேப்பர்.
ஒரு முழ உயரத்தில் நூறு வாட்ஸ் குண்டு பல்ப்.

குளிர்ந்தால் விளக்குக்குக் கீழே குவியும்.
சுட்டால் மட்டையோரம் ஓடி வாய் பிளக்கும்.
அளவென்றால்
சுளகில் பரப்பிய பயறுபோல் ஆளுக்கொரு இடம்.
இரவில் நாலு தரம் எழும்பி
பயறா குவியலா என்று பார்ப்பேன்.

"கடனெடுத்துக் கோழியோ" என்றார் இவர்,
பரந்தன் மில்லிலிருந்து உமி மூட்டையை இறக்கிக்கொண்டே.
மூட்டையை மட்டும் மறக்காமல் கொண்டுவந்தார்.

வீட்டில் வெளிச்சமான பல்ப் அது ஒன்றுதான்.
ஓ.எல் எடுக்கிற அபிசனாவும் அதன் கீழேயே படிக்கிறாள்.
விஞ்ஞானப் புத்தகம் மட்டையில் சாய்ந்திருக்கும்.
கடத்தல். மேற்காவுகை. கதிர்வீசல்.
கதிர்வீசலுக்கு ஊடகம் தேவையில்லை.
அவள் சத்தமாய்ச் சொல்லச் சொல்ல
ஐம்பத்திரண்டும் பதில் சொல்லும், எல்லாம் பிழையாக.

ஆறாம் இரவு ரெண்டு மணிக்குக் கரண்ட் போனது.
முதலில் ஒரு சத்தமும் இல்லை.
பிறகு ஒன்று. பிறகு எல்லாம்,
தகரத்தில் ஆணி கீறுவதுபோல.

விறகு ஈரம். கட்டிலுக்குக் கீழிருந்த சிரட்டைதான் பற்றியது.
சோடாப் போத்தலில் சுடுதண்ணி ஊற்றி
அவளின் பள்ளிக்கூட மேசுக்குள் நுழைத்து வட்டத்துக்குள் வைத்தோம்.
மூன்று போத்தல். மூன்று குவியல்.
மிச்சத்தை எங்கே வைக்கிறது?
என் சட்டைக்குள் பதினொன்று.
அவளின் மடியில் துவாய், துவாய்க்குள் எட்டோ ஒன்பதோ.
இவர் ஒன்றும் பேசாமல்
மோட்டர்சைக்கிள் ஜக்கெற்றின் சிப்பை இறக்கினார்.
"போடு."

விடியும்வரை அசையாமல் இருந்த மனிசனை
அன்றுதான் பார்த்தேன்.
மூக்கில் நுளம்பு குந்தியிருந்தது.
கையெடுத்து அடிக்கவில்லை.
ஒருக்கால் மட்டும் மெதுவாய்ச் சொன்னார்:
"நெஞ்சைக் கொத்துது."

ஐந்தரைக்குக் கரண்ட் வந்தது.
போத்தலடியில் ரெண்டு தட்டையாய்க் கிடந்தன.
என் சட்டைக்குள் ஒன்று,
சூடாகத்தான் இருந்தது, கழுத்து நிற்கவில்லை.
ரசீதில் ரெண்டுக்குத்தான் இடம்.
மூன்றாவதை எந்தக் கணக்கில் எழுதுவது?

உயிரோடு எண்ணினேன். நாற்பத்தெட்டு.
திரும்ப எண்ணினேன். நாற்பத்தெட்டு.
உமியைக் கிண்டினோம், மேசை உதறினோம்,
நாய் வாயை முகர்ந்து பார்த்தாள் அபிசனா.
பிறகு பாவாடையில் உமியோடு
கருத்தரங்குக்கு ஓடினாள்.

எட்டரைக்குப் போன் அடித்தது. மில்லிலிருந்து.
நெல் அவிக்கிற அண்டாவின் கொதிப்பு, மெசின் இரைச்சல்,
"கேக்குதே, கேக்குதே" என்று இவர் கத்துகிறார்.
"என்ன? என்ன சொல்லுறியள்?"
"நான் இல்லையப்பா. பொறு,
பொக்கற்றுக்குக் கிட்டப் பிடிக்கிறன்."